வெள்ளி இரவு முதல் ஞாயிறு பின்னேரம் வரை: யாழ்ப்பாணத்தில் வயிறாரச் சாப்பிட ஒரு முழு வழிகாட்டி

கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரரும் சிநேகிதரும் யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிடும்போது என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கடையில் சாப்பாடு நல்லது?" நான் திருப்பிக் கேட்பேன்: "என்றைக்கு வருகிறீர்கள்?"

இந்த ஊரின் சாப்பாடு கிழமைக்கும் மாதத்துக்கும் காற்றுக்கும் கட்டுப்பட்டது. வெள்ளிக்கிழமை நண்டு தேடுகிறவரும், தை மாதத்தில் மாம்பழம் கேட்கிறவரும் எவ்வளவு நல்ல கடைக்குப் போனாலும் அரைகுறையாகத்தான் சாப்பிட்டுத் திரும்புவார்கள். சில வருடங்களுக்கு முன் என் மச்சாள் குடும்பம் நல்லூர்த் திருவிழாக் காலத்து வெள்ளிக்கிழமையில் வந்து இறங்கியது. பிள்ளைகளுக்கு நண்டுக்கறி வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மீன், இறைச்சி வாடையே இல்லை. அலைந்து அலைந்து கடைசியில் ஒரு கடையில் கிடைத்தது, பல நாள் ஐஸில் கிடந்த நண்டு. சதை மாவாகக் கரைந்தது. பிள்ளைகள் பாதியில் கையைக் கழுவிவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் நாட்காட்டியைத்தான் எடுக்கிறேன். இந்த வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் நாளைப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை பெரும்பாலான சைவ வீடுகளில் மரக்கறிதான். செவ்வாயும் பலருக்கு அப்படியே. அதனால் வெள்ளி இரவு வந்து சேருகிறவர்கள் அன்றைக்கு மரக்கறியே சாப்பிடுங்கள். மரக்கறி சமையல் அன்றைக்குத்தான் முழுக் கவனத்தோடு நடக்கும்.

சனிக்கிழமை கடலுக்கு உரியது. குருநகர், பாஷையூர் போன்ற கரையோர ஊர்களில் கத்தோலிக்கர் அதிகம். ஞாயிறு பூசைக்குரிய நாள் என்பதால் கடலுக்குப் போகாதவர்கள் பலர். மீன், நண்டு, கணவாய் எல்லாவற்றையும் சனிக்கிழமையே சாப்பிட்டு முடிப்பது புத்தி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியின் நாள். அதற்கும் ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கணக்கு பிழைக்கும் காலங்களும் இருக்கின்றன. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாட்கள் நடக்கும், பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி வரும். அந்த நாட்களில் ஊரே மரக்கறிக்கு மாறிவிடும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து விரதம் இருக்கிற வீடுகள் நிறைய. கந்தசஷ்டி ஆறு நாட்களும் அப்படித்தான். பௌர்ணமியான போயா நாளில் சாராயக் கடைகளும் இறைச்சிக் கடைகளும் பூட்டியிருக்கும். கடலுணவுக்காகவே வருகிறீர்கள் என்றால் இந்த நாட்களை விட்டுவிடுங்கள். திருவிழாவையே பார்க்க வருகிறீர்கள் என்றால் தாராளமாக வாருங்கள். கோயில் வீதியில் கச்சான் கடைகளும், தண்ணீர்ப் பந்தலில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும், வீடு வீடாக மரக்கறிச் சாப்பாடும் கிடைப்பது அப்போதுதான். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எங்கள் கச்சான் உங்கள் வேர்க்கடலை. இங்கே கடலை என்று கேட்டால் கொண்டைக்கடலை வரும்.

பிறகு மாதத்தை

மாம்பழத்துக்கு வைகாசி, ஆனி, ஆடி. கறுத்தக் கொழும்பான் என்ற பெயரைக் கேட்டாலே வெளிநாட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்தவர் ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள். அம்பலவி, விளாட், செம்பாட்டான் என்று வேறு சாதிகளும் உண்டு. சந்தையில் ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கி வெட்டிப் பாருங்கள். என் நாக்கு கறுத்தக் கொழும்பான் பக்கம்தான்.

நுங்கும் ஏறக்குறைய அதே வெயிலோடு வரும். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழத் தொடங்கும். அப்போது பின்னேரங்களில் பனங்காய்ப் பணியாரம் சுடும் மணம் ஒழுங்கை முழுவதும் இருக்கும். அந்தப் பனங்கொட்டைகளைப் பாத்தி கட்டிப் புதைத்தால் தை, மாசியில் கிழங்கு. அவித்துத் தின்றால் பனங்கிழங்கு. பச்சையாகப் பிளந்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒரே கொட்டை, மூன்று சாப்பாடு. ஆடிப்பிறப்பு ஜூலை நடுவில் வரும். அன்றைக்கு அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்துக் காய்ச்சும் ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் வீட்டுக்கு வீடு இருக்கும். தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே போதும், வெறும் வயிற்றோடு திரும்பமாட்டீர்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. அந்த நாட்களில் கடல் கொந்தளித்தால் மீன் குறையும், விலை ஏறும்.

எப்படி வருவது, வயிற்றை எப்படிப் பங்கிடுவது

கொழும்பிலிருந்து சுமார் 400 கிலோமீற்றர். ரயிலும் உண்டு, இரவுப் பேருந்தும் உண்டு. போரால் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பகல் ரயிலில் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம். விடுமுறை வரும் வாரங்களில் இருக்கை கிடைப்பது கஷ்டம், முன்பே பதிவு செய்யுங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பலாலிக்கு விமானம் இருக்கிறது. சொந்த வாகனத்தில் ஏ9 வீதியால் வருகிறவர்கள் கொடிகாமத்திலோ சாவகச்சேரியிலோ சந்தையடியில் நிறுத்துங்கள். தென்மராட்சி மண்ணின் பலாப்பழமும் மாம்பழமும் தேங்காயும் அங்கேதான் குவியும்.

தங்க நல்லூர்ப் பக்கம் இடம் பாருங்கள். கோயிலும் சாப்பாடும் நடந்து போகும் தூரத்தில். ஊருக்குள் போய்வர ஓட்டோ தாராளம். ஆனால் ஒரு சைக்கிள் கிடைத்தால் அதுவே நல்லது. நிலம் தட்டையானது, பசியும் எடுக்கும்.

அறை பதியும்போதே விடுதிக்காரரிடம் இரண்டு விஷயம் கேட்டு வையுங்கள். சனிக்கிழமை பின்னேரம் ஒடியல் கூழ் காய்ச்சித் தருவார்களா? நாம் வாங்கிக் கொடுக்கும் நண்டைச் சமைப்பார்களா? குடும்பமாக நடத்தும் விடுதிகளில் இரண்டுக்கும் பெரும்பாலும் சரி என்பார்கள். கூழ் நினைத்தவுடன் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை, குறைந்தது ஒரு நாள் முன்பே சொல்ல வேண்டும். இந்த ஒரு அழைப்பை மறந்தால் பயணத்தின் முக்கியமான சாப்பாட்டை இழப்பீர்கள்.

வயிற்றுக் கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு பெரிய சாப்பாடு, மற்றதெல்லாம் சின்னது. நால்வர் போனால் இரண்டு பேருக்கானதைக் கேட்டுப் பகிருங்கள். பல இடங்களில் சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள்.

வெள்ளி இரவு: நல்லூர், தோசை, ஐஸ்கிரீம்

பையை வைத்துவிட்டு நேரே கோயிலுக்குப் போங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம்தான் சுற்றுவட்டாரச் சாப்பாட்டுக்கடைகளில் தோசைக்கல் நன்றாகச் சூடாகியிருக்கும் நேரம்.

யாழ்ப்பாணத் தோசை தமிழ்நாட்டுத் தோசை போல் மொறுமொறுப்பாக இருக்காது. மாவில் வெந்தயமும் கொஞ்சம் மஞ்சளும் சேரும். வீட்டில் சுடுகிறவர்கள் வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து மாவுக்குள்ளேயே கொட்டுவார்கள். மஞ்சளாக, மெத்தென்று, புளிப்போடு இருக்கும். அதற்குத் தொட்டுக்கொள்ள இடித்த சம்பல். செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் உரலில் இடிபட்ட சிவந்த சம்பல் அது. உறைக்கும். முதல் நாள் என்பதால் ஓரத்தில் கொஞ்சமாக வைத்துக்கொண்டு பழகுங்கள்.

நகரத்தின் நடுவில் பெரியகடைப் பக்கம் சாப்பிட விரும்பினால் மலாயன் கபே இருக்கிறது. பளிங்கு மேசை, வாழையிலை, முழுக்க மரக்கறி. தலைமுறை தலைமுறையாக ஊர்ச் சனம் சாப்பிடும் இடம். மத்தியானச் சோறு அதன் பலம். ஆனால் நம் திட்டத்தில் மத்தியானங்கள் இரண்டும் வேறு காரியத்துக்கு ஒதுக்கப்பட்டவை. அதனால் இரவில் தோசை, வடையோடு அங்கே ஒரு தேத்தண்ணீர்.

முடிவில் ஐஸ்கிரீம். நல்லூர்க் கோயிலுக்குப் பக்கத்தில் ரியோ, லிங்கன் போன்ற ஐஸ்கிரீம் கடைகள் இரவிலும் நிரம்பி வழியும். திருமணப் பேச்சு முதல் பரீட்சை முடிவு வரை இந்த ஊரின் நல்ல செய்திகளுக்கெல்லாம் உயரமான கண்ணாடிக் குவளை ஐஸ்கிரீம்தான் கொண்டாட்டம். மேசைக்கு மேசை மூன்று தலைமுறை உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

நேரத்தோடு படுங்கள். விடியும் முன் எழும்ப வேண்டும்.

சனி விடியல்: பாஷையூர்

பாஷையூர் மீன்சந்தை நகரின் தென்கிழக்கில், கடலேரியின் ஓரத்தில் இருக்கிறது. ஆறு மணிக்குள் போய்ச் சேருங்கள். வள்ளங்கள் வந்தடைய, கூடைகள் இறங்க, ஏலக் குரல் எழும்பும். சும்மா பார்க்க வந்தவர் என்றால் வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். அது வேலை செய்கிறவர்களின் இடம். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

யாழ்ப்பாணக் கடலேரி ஆழம் குறைந்தது. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். வெயில் அடிவரைக்கும் இறங்கும் தண்ணீரில் நண்டும் இறாலும் நன்றாக வளரும். பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீருக்குள் தடிகள் வரிசையாக நட்டு வலை கட்டியிருப்பது தெரியும். களங்கண்டி என்பது அதுதான்.

நண்டு வாங்குகிறீர்கள் என்றால் நான்கு விஷயம் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டும், கால்கள் அசைய வேண்டும். கையில் தூக்கினால் அளவுக்கு மீறிய பாரம் தெரிய வேண்டும். இலேசாக இருந்தால் உள்ளே தண்ணீர்தான். வயிற்றுப் பக்கத்து ஓட்டை விரலால் அமத்தினால் உள்ளே போகக்கூடாது. நிலாக் காலத்து நண்டில் சதை குறைவு, இருட்டு நாட்களில் நிறைவு என்று கடற்றொழிலாளர்கள் சொல்வார்கள், அதையும் நினைவில் வைத்திருங்கள். சினையோடு இருக்கும் நண்டை வாங்காதீர்கள். அடுத்த வருடமும் வந்து சாப்பிட வேண்டும் அல்லவா.

நால்வருக்கு ஒன்றரைக் கிலோ நண்டு. கூழுக்கு அரைக் கிலோ இறாலும் சின்னக் கணவாயும் ஒரு நல்ல மீன்தலையும். அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து தருவார்கள். ஐஸ் போட்டுக் கட்டி, நேரே விடுதிக் குசினியில் ஒப்படையுங்கள்.

காலைச் சாப்பாடு

சந்தையால் வந்து குளித்த பிறகு பிட்டோ இடியப்பமோ. நல்லூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் திருநெல்வேலியில் வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகம் இருக்கிறது. கண் முன்னாலேயே சுட்டும் அவித்தும் தருவார்கள். குரக்கன் பிட்டு, தோசை, அப்பம், இலைக்கஞ்சி என்று வீட்டுச் சாப்பாடு. இலைக்கஞ்சியைத் தவறவிடாதீர்கள். வல்லாரை, முடக்கொத்தான் போன்ற இலைகளின் சாற்றில் அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சியது. முதல் மிடறு பச்சை வாசத்தோடு இருக்கும், மூன்றாவது மிடறில் பிடித்துவிடும்.

இடியப்பம் என்றால் சொதி. மஞ்சளும் பச்சை மிளகாயும் வெங்காயமும் அவிந்த தேங்காய்ப்பாலில், இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டது. அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் பால் திரைந்துவிடும், அதனால்தான் இறக்கிவிட்டு விடுவது. சிவப்பு அரிசிமா இடியப்பத்தைக் கையால் உதிர்த்து, சொதியில் ஊறவிட்டு, ஓரத்தில் சம்பல் தொட்டு வாயில் வையுங்கள். மாம்பழக் காலம் என்றால் பிட்டும் மாம்பழமும் தேங்காய்ப்பூவும். அதற்குக் கறியே தேவையில்லை.

காலைச் சாப்பாடு அளவோடு இருக்கட்டும். பிறகு திருநெல்வேலிச் சந்தையைச் சுற்றுங்கள். வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத இந்தக் குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்கடியில் ஊறும் கிணற்றுத் தண்ணீரும் செம்மண்ணும் விளைவிக்கும் கத்தரிக்காய், வெங்காயம், முருங்கைக்காய், பயற்றங்காய் எல்லாம் அங்கே குவிந்திருக்கும். மத்தியானம் உங்கள் கோப்பைக்கு வருவது இவைதான்.

சனி மத்தியானம்: நண்டுக்கறியும் சோறும்

நீங்கள் கொடுத்த நண்டு விடுதியில் கறியாகியிருக்கும். அல்லது நகரில் கடலுணவுக் கடை ஒன்றில் கேட்டு உட்காருவீர்கள். எங்கே என்றாலும் பார்க்க வேண்டியது தூள்.

யாழ்ப்பாணத்துத் தூள் வறுத்த தூள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து, வீட்டுக்கு வீடு வேறு அளவில் கலந்து, மில்லில் கொடுத்துத் திரிப்பார்கள். மிளகாய் கறுக்காமல், வாசம் எழும்பும் கணத்தில் இறக்கத் தெரிய வேண்டும். என் அம்மா தூளுக்கு வறுக்கும் நாளில் யாரையும் குசினிக்குள் விடமாட்டார். போர்த்துக்கேயர் மிளகாயைக் கொண்டுவரும் முன் எங்களுக்கு உறைப்பு என்றால் மிளகுதான். மிளகாய் என்ற பெயருக்குள்ளேயே மிளகு இருக்கிறதே. பாணும் குசினியும் கதிரையும் அவர்கள் விட்டுப்போன சொற்கள். பாண் சுடும் போறணையும் அப்படித்தான்.

நண்டுக்கறியில் கடைசியாக ஒரு பிடி முருங்கையிலை விழும். அந்த இலையின் இலேசான கயர்ப்பு நண்டின் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கும். இலை இல்லாத நண்டுக்கறி எனக்குக் குறைதான்.

சாப்பிடும் ஒழுங்கும் முக்கியம். சிவப்பரிசிச் சோற்றைச் சுற்றி பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு கீரை, ஒரு வறை, பொரியல் வரும். முதலில் பருப்போடும் பால்கறியோடும் இரண்டு பிடி. அப்புறம் நண்டு. காலை ஒடித்து உறிஞ்சுங்கள், குழம்பைச் சோற்றில் குழையுங்கள். இங்கே யாரும் உங்களைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார்கள், அவர்கள் கையும் அப்படித்தான் இருக்கும். முடிவில் சொதி விட்டு ஒரு பிடி சோறு. உறைப்பு ஆறும், வயிறு அமையும். கண்ணில் நீர் வந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள், தயிர் கேளுங்கள்.

சுறா கிடைத்தால் சுறா வறை ஒரு சின்னத் தட்டு எடுங்கள். அவித்து உதிர்த்த சுறாவைத் தேங்காய்ப்பூவோடும் வெங்காயத்தோடும் வறுத்தது. மீன் வாசம் பிடிக்காதவர்களும் அதைச் சாப்பிடுவார்கள்.

பிறகு இரண்டு மணிநேரம் உறங்குங்கள். இந்த வெயிலில் ஊரும் உறங்கும்.

சனி பின்னேரம்: கூழ்

யாழ்ப்பாணத்துக்கு வந்து ஒரே ஒரு சாப்பாடுதான் சாப்பிட முடியும் என்றால் ஒடியல் கூழைச் சொல்வேன். நண்டுக்கறி மற்றக் கரைகளிலும் கிடைக்கும். பனையும் கடலேரியும் ஒரே பானைக்குள் சேருவது இங்கேதான்.

குசினியில் நிற்க அனுமதித்தால் ஆரம்பத்திலிருந்து பாருங்கள். எட்டுப் பேருக்குக் கால் கிலோ ஒடியல்மா போதும். மாவை மத்தியானமே தண்ணீரில் கரைத்து வைக்க வேண்டும். மா அடியில் படிய, மேலே தெளியும் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இரண்டு, மூன்று தடவை. கயர்ப்பு அந்தத் தண்ணீரோடுதான் போகும். அவசரத்தில் இதைச் செய்யாமல் காய்ச்சிய கூழை ஒருமுறை ஒரு இடத்தில் குடித்தேன். நல்ல நண்டு, நல்ல இறால், எல்லாம் கசப்புக்குள் போய்விட்டது.

பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க, ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள், பயற்றங்காய் போடுவார்கள். இவை பாதி வெந்தபின் மீன்தலை, நண்டு. இறாலும் கணவாயும் அதற்குப் பிறகுதான், முந்தினால் இறப்பராகிவிடும். அம்மியில் அரைத்த செத்தல் மிளகாய், மிளகு, உள்ளி, மஞ்சள் சேரும். பழப்புளிக் கரைசலும் உப்பும் சேரும். எல்லாம் ஒன்றாகக் கொதித்த பிறகு ஒடியல்மாக் கரைசலை விட்டுத் துழாவ வேண்டும். துழாவுகிறவர் கையை எடுக்கக் கூடாது, அடிப்பிடித்தால் பானை முழுவதும் புகை வாசம். கடைசியில் முசுட்டை இலையோ முருங்கையிலையோ. அகப்பையில் அள்ளி ஊற்றினால் தடிப்பாக, ஆனால் தடையில்லாமல் ஒழுக வேண்டும். அதுதான் பதம்.

குடிப்பது பிளாவில். பனையோலையை மடித்துக் கட்டிய குவளை அது. சூடான கூழ் பட்டதும் பச்சை ஓலையின் வாசம் எழும்பும். கிண்ணத்தில் குடித்தால் கூழின் பாதி போய்விடும், அதனால் பிளாவுக்கும் முன்பே சொல்லி வையுங்கள். ஒரு கையில் பிளா, மறு கையில் தேங்காய்ச்சொட்டு. இரண்டு மிடறு கூழ், ஒரு கடி தேங்காய். நண்டுக்காலை எடுத்து உறிஞ்சுவதற்குப் பிளாவைக் கீழே வைக்க முடியாது என்பதால் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வார். எங்கள் வீடுகளில் கூழ் காய்ச்சுவது முற்றத்தில், சொந்தங்களைக் கூப்பிட்டு. தனியாக ஒருவருக்குக் கூழ் காய்ச்சி நான் பார்த்ததில்லை. விடுதியில் வேறு விருந்தாளிகள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். முடிவில் ஒரு துண்டு பனங்கட்டி.

ஓடுள்ள கடலுணவு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். மரக்கறிக் கூழும் காய்ச்சலாம், அதுவும் சுவையானது.

கள்ளுக் குடிக்கிறவர்களுக்கு: கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் தவறணைகளில் கிடைக்கும். அன்றன்று இறக்கியதை, பகலிலேயே குடியுங்கள், நேரம் போகப் போகப் புளிப்பும் வெறியும் ஏறும். கருப்பநீர் (தமிழ்நாட்டில் பதநீர்) கிடைக்கும் மாதம் என்றால் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுங்கள். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்குவதால் அது புளிக்காது.

இரவுக்கு இனி இடமிருக்காது. இருந்தால் ஐந்து சந்திப் பக்கம் போய் முஸ்லிம் கடைகளின் கொத்துரொட்டியை இருவருக்கு ஒன்றாக எடுங்கள். 1990 ஒக்டோபரில் இந்த ஊரிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் திரும்பிவந்து மீண்டும் அடுப்பு மூட்டிய தெருக்கள் அவை. அங்கே சாப்பிடும்போது அது என் மனதில் இருக்கும்.

ஞாயிறு: பருத்தித்துறையும் பங்கிறைச்சியும்

காலையில் பேருந்து நிலையத்திலிருந்து பருத்தித்துறை பஸ். முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மணிநேரத்துக்கு மேல் எடுக்கும். வல்லை வெளியில் காற்று முகத்தில் அடிக்கும், யன்னலோரம் இருங்கள்.

போவது வடைக்காக. பருத்தித்துறை வடை தட்டையானது. உழுந்து, மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை சேர்த்துக் குழைத்து, மெல்லியதாகத் தட்டி, மொறுமொறு என்று பொரிப்பது. ஓடக்கரைப் பக்கம் விசாரித்தால் வீட்டில் சுடுகிறவர்களைக் காட்டுவார்கள். தாச்சியில் இருந்து எடுத்த சூட்டோடு ஒன்று தின்னுங்கள், பையில் நாற்பது கட்டுங்கள். காற்றுப் புகாத பேணியில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். கனடாவுக்கும் இலண்டனுக்கும் போகும் பெட்டிகளில் இது இல்லாத பெட்டி குறைவு. வெளிச்சவீட்டுப் பக்கம் கடலைப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்புங்கள்.

ஞாயிறு ஏன் ஆட்டிறைச்சி? ஊர்களில் பங்கிறைச்சி என்று ஒரு வழக்கம். சிலர் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி, ஞாயிறு விடிய அடித்து, பங்கு பங்காகக் கூறு போட்டு எடுப்பார்கள். ஒவ்வொரு பங்கிலும் எலும்பு, சதை, ஈரல், குடல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டும். யாருக்கும் நல்லது கூடுதலாகப் போகக் கூடாது. அன்றைக்கு மத்தியானம் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே வாசம். கடைகளிலும் ஞாயிறு ஆட்டிறைச்சிக் கறி நன்றாக இருக்கும். குழம்பு கறுப்புக்குக் கிட்டிய சிவப்பில், எலும்போடு வர வேண்டும். எலும்பில்லாத இறைச்சி தந்தால் வேறு கடை பாருங்கள். ஈரல் பொரியல் இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

கட்டிக்கொண்டு போக

பனஞ்சாமானுக்குப் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையம் நம்பிக்கையான இடம். பனங்கட்டியைக் குட்டானில், அதாவது சின்ன ஓலைப்பெட்டியில், கட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். ஒடியல்மாவும் புழுக்கொடியலும் அங்கேயே எடுக்கலாம். பனாட்டு, பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தது. எல்லோருக்கும் பிடிக்காது, சின்னத் துண்டு வாங்கிச் சுவைத்த பிறகு முடிவெடுங்கள். நவீன சந்தைக் கடைகளில் வறுத்த தூள், கருவாடு, நல்லெண்ணெய். கருவாட்டை மூன்று பைக்குள் கட்டச் சொல்லுங்கள், ரயிலில் பக்கத்தில் இருப்பவரையும் நினைக்க வேண்டும். தோலகட்டி ஆச்சிரமத்தின் நெல்லிரசம் கிடைத்தால் இரண்டு போத்தல். பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் வீட்டில் செய்து விற்பவர்களிடம் முதல் நாளே சொல்லி எடுங்கள்.

மாம்பழக் காலம் என்றால் முற்றிய காயாக, காம்போடு வாங்குங்கள். பழுத்ததை வாங்கினால் வழியிலேயே நசிந்துவிடும். காகிதத்தில் தனித்தனியே சுற்றி, கடகத்தில் வைக்கோல் போட்டு அடுக்கித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் ஒரு மூலையில் விட்டு, தினமும் எடுத்துக் காம்படியை மோந்து பாருங்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்த மணம் வரும். அன்றைக்குப் பிட்டு அவியுங்கள்.